சகாயமேரி பிரித்த இரண்டு பாசிகள்

சகாயமேரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அவள் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. அப்பா படுக்கையில் விழுந்ததால் தாவரவியல் பட்டப்படிப்பு முதலாண்டோடு நின்றது. தருமபுரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பதினான்கு வருடமாகத் தாவரவியல் ஆய்வக உதவியாளர். பக்கத்து வேதியியல் ஆய்வகத்தில் எனக்கும் அதே வேலைதான்.

தாவரவியல் பேராசிரியரும் கல்லூரித் துணை முதல்வருமான மாதவராஜ் வடகிழக்கு மலைச் சதுப்பிலிருந்து ஸ்பேக்னம் பாசி கொண்டுவந்தார். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பாசி அது. எல்லாம் ஒரே இனம் என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தார். இலையைப் பிய்த்து, ஊதாச் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்த்த சகாயமேரி அவரைக் கூப்பிட்டாள்.

“சார், ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. தண்ணி நிக்கிற செல்லு இருக்குதுங்களே, அதோட உள்சுவரு ஒண்ணுல வழவழன்னு இருக்குதுங்க. இன்னொண்ணுல புல்லரிச்ச கையாட்டம் பொடிப்பொடியாத் துருத்திக்கிட்டு இருக்குதுங்க.”

முதலில் சிரித்தார். குனிந்து பார்த்தபின் சிரிக்கவில்லை. ஆறு மாதம் அவள் மதியச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு இலை இலையாகப் பிரித்தாள், வரைந்தாள். கட்டுரையில் உன் பெயரும் வரும் என்று அந்த மகானே வாய்திறந்து சொன்னார். முடிக்காத படிப்புக்கு ஈடாக அவள் ஆசைப்பட்டது அந்தப் பெயரைத்தான்.

கட்டுரை அனுப்பும் வாரம் ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. சார் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அன்று மட்டும் அவள் என்னிடம் கொண்டுவந்தாள். என் பி.ஏ. ஆங்கிலத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

“என்னங்கண்ணா எழுதியிருக்குது?”

படித்தேன். ‘கண்ணாடிக் குடுவை கழுவியதைத் தவிர இந்த ஆய்வில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை’ என்று அவளே சொல்வதுபோல் எழுதியிருந்தது. என்னைப் பணி நிரந்தரம் செய்யும் கோப்பு அப்போது மாதவராஜ் மேசையில் இருந்தது.

“சும்மா பார்மாலிட்டிம்மா, போடு” என்றேன்.

கட்டுரை அச்சில் வந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை. கேட்கப் போனவளிடம் அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, “நீயேதானேம்மா எழுதிக் குடுத்திருக்க?” என்றிருக்கிறார்.

நேராக என்னிடம் வந்தாள்.

“அந்தாளு ஏமாத்துனது கூடப் போகுதுங்கண்ணா. நீங்க படிச்சிட்டுத்தானே சொன்னீங்க?”

“ஆமாம்மா” என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் என்னையும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறாள்.