சுண்ணாம்புக் கோடு

“மூக்கு எங்க சம்பந்தியோட மூக்குதான்லா, பாத்தாலே தெரியுது!”

யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தேக்கா சந்தையில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். என் மகள் பூவம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. சம்பந்தி என்றால் மருமகன் அழகப்பனின் அப்பா, செல்லக்கண்ணு.

ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை நிரப்புகிறார்களே, அங்கே அவர் மண்டோர். பன்னிரண்டு பேரை வேலை வாங்குகிறவர்; மகனும் அவர்களில் ஒருவன். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வெட்டிய மேட்டின் உச்சியில் வெடிப்பு தெரிந்தால், வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து அதன் குறுக்கே கோடு இழுப்பார். கோடு அறுந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தம்.

குழந்தை பிறந்த அன்று, ஐந்து நாள் மழை விட்டு நல்ல வெயில். எல்லோருக்கும் சந்தோஷம், சம்பந்திக்கு மட்டும் பயம். ஊறிய மண் வெயில் ஏறும்போதுதான் பிடி விடும் என்பார்.

பூவம்மாவுக்கு விடியற்காலையே வலி கண்டிருந்தது. ஆறு லாரி மண் ஏற்றிவிட்டால் அழகப்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஆட்கள் வழக்கம்போல மேட்டடியில் இருந்த முனீஸ்வரன் கல்லுக்குச் சூடம் கொளுத்திவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள்.

“யாரும் கிட்ட போவாதீங்க,” என்றார் சம்பந்தி.

“சூடம் காட்டியாச்சு மாமா. இனிமே சாமி பாத்துக்கும்,” என்றார் கூட வேலை செய்யும் சுந்தரம்.

“சாமி கீழ இருக்கு. வெடிப்பு மேல இருக்கு. நான் பாத்துட்டு வரேன்.”

“வெத்தல போட எடம் தேடுறாரு மண்டோரு!” என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அழகப்பன் சிரிக்கவில்லை.

“அங்க அவ தனியா கெடக்குறாப்பா. உங்களுக்கு மண்ணுதான் பெருசா?”

சம்பந்தி மேட்டில் ஏறிப்போய் வெடிப்பின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்திலேயே குந்திவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. அழகப்பனுக்குப் பொறுக்கவில்லை. தனியாகவே போய் வெட்ட ஆரம்பித்தான்.

மேலே கோடு இரண்டாகப் பிரிந்தது.

“டேய் அழகப்பா! ஓடுடா!”

அந்தக் குரலை அப்பாவிடம் கேட்டதே இல்லை என்கிறான் மருமகன். ஓடினான். சரிந்த மேடு முனீஸ்வரன் கல்லையும் அழகப்பனுடைய ஒரு செருப்பையும் மூடிக்கொண்டது. மறுநாள் சுந்தரமே புதுக் கல் ஒன்றை உச்சியில், வெடிப்பிலிருந்து தள்ளி, நட்டு வைத்தாராம்.

நேற்று முழுக்க மழை. இன்று காலை பளீரென்று வெயில். குழந்தையைப் பார்க்க ஃபேரர் பார்க்கில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அழகப்பன் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பேத்தியை மடியில் வைத்திருந்த சம்பந்தி எழுந்து, அவளை அவன் கையில் கொடுத்தார்.

“லாரிய நாளைக்கு வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு நீ இவள வச்சிக்கோ.”