வெள்ளை நாய்க்குக் கறுப்புச் சட்டை

எங்கள் நாய் வெள்ளை. உடம்பில் பேருக்கு ஒரு புள்ளிகூட வேறு நிறம் கிடையாது. அதனாலேயே பஞ்சு என்று பெயர். அது வெள்ளையாகப் பிறந்துவிட்டதே என்று நான் பயந்து நடுங்கிய காலம் ஒன்று இருந்தது.

ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப்போகிறான் என்று ஊரில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்ட சமயம் அது. சாந்தோமில் எங்கள் தெருவில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் போகவில்லை. அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அதோடு விமானத் தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் ஏ.ஆர்.பி. படையில் வார்டனாகவும் சேர்ந்திருந்தார். பொழுது சாய்ந்தால் இரும்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, எந்த ஜன்னலில் வெளிச்சம் கசிகிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவார். தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் வைத்து ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். அபாயச் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் இருப்பவர்கள் மட்டும் அதற்குள் போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். வேலை தேடிக்கொண்டிருந்தார், அதில் பெரிய அவசரம் எதுவும் அவர் காட்டவில்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது மாமா சொன்னார்: "மேலே பறக்கிறவனுக்கு வீடு வாசல் ஒண்ணும் தெரியாது அக்கா. நிலா வெளிச்சத்துல வெள்ளையா ஏதாவது அசைஞ்சாத்தான் கண்ணுல படும். நம்ம பஞ்சு மாதிரி." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வாயில் இருந்த சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து வானத்தைப் பார்ப்பதே என் வேலையாயிற்று. இருட்டத் தொடங்கியதும் பஞ்சுவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அது வெளியே வராதபடி முன்னால் உட்கார்ந்துகொள்வேன். அடுப்புக்கரியைக் குழைத்து அதன் முதுகில் பூசினேன். அது கிணற்றடி ஈரத்தில் புரண்டுவிட்டு, முன்னைவிட வெள்ளையாக வந்து நின்றது. படுத்தால் தூக்கம் வராது. முற்றத்தில் பஞ்சு நடக்கும் சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மாதாவுக்குப் பிரியதத்த மந்திரம் சொல்லும்போதுகூட, நாயைக் கறுப்பாக்கிவிடு தாயே என்றுதான் வேண்டிக்கொள்வேன்.

நான் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனதைப் பார்த்து அம்மா விசாரித்தாள். அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் அப்பாவின் கம்பி ஒடிந்த பழைய குடை இருந்தது. அதன் துணியைப் பிரித்தெடுத்து, அம்மாவின் கைமிஷினில் அவரே பஞ்சுவுக்கு ஒரு சட்டை தைத்தார். நான்கு கால்களுக்கும் ஓட்டை, கழுத்தில் ஒரு நாடா, வயிற்றின் அடியில் இரண்டு.

மாட்டியதும் பஞ்சு சிலைபோல நின்றுவிட்டது. தலையைத் திருப்பவில்லை. வாலை ஆட்டவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கிய பிள்ளைபோல அது எங்களைப் பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் குடைத்துணி சரசரத்தது. அந்தச் சத்தத்துக்கே பயந்து மறுபடியும் நின்றது.

"வாயில்லாத சீவன்டா. அதுக்குப் பிடிக்கலேன்னு மூஞ்சியிலேயே எழுதியிருக்கே," என்றாள் அம்மா.

"அடையாறு பக்கம் வெள்ளைக்காரிங்க நாய்க்குக் கம்பளிச் சட்டையே போடறாங்க. அதுங்க ஜம்முன்னு நடக்குதே," என்றார் மாமா.

அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "சர்வேசுரன் ஆதாம் ஏவாளுக்குத்தான் உடுப்பு கொடுத்தார். நாயை உடுத்தித்தான் அனுப்பினார்," என்றார்.

எனக்கு அந்த வாதமெல்லாம் காதில் ஏறவில்லை. பஞ்சு கறுப்பாகிவிட்டது. அன்று நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பகலில் சட்டையைக் கழற்றிவிடுவோம். சாயங்காலம் நாடாவை எடுத்தாலே பஞ்சு கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நான் இழுத்துவந்து மாட்டுவேன். நாடா அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போடுவேன்.

அப்படி மாட்டி முடித்த ஒரு சாயங்காலம், நிலா அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, சங்கு ஊதியது. ஏறி ஏறி இறங்கும் ஊளை. ஒத்திகையா, நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா என் குட்டித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் கையைப் பிடித்து ஓடினாள். பஞ்சு அந்த ஊளையைக் கேட்டு மிரண்டு, கறுப்புச் சட்டையோடு கடல் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன்.

குழிக்குள் ஈரமண் வாசனை. யாரோ செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு ஒரே நினைப்புதான். நாடா அவிழ்ந்திருந்தால்? சட்டை கழன்று, மணலில் பஞ்சு வெள்ளையாக நின்றுகொண்டிருந்தால்? தம்பி வீறிட்டு அழ, அம்மா என் கையை விட்டுவிட்டு அவனைச் சமாதானப்படுத்தினாள். நான் படியேறி வெளியே வந்து ஓடினேன்.

கடற்கரையை ஒட்டிய மீனவர் குப்பத்தில் விளக்கே இல்லை. மீனவர்கள் குடிசைகளை விட்டு வெளியே வந்து, படகுகளின் ஓரமாகக் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டுமரத்தின் அருகே சரசரவென்று சத்தம் கேட்டது. பஞ்சு கீழே கிடந்து உதறிக்கொண்டிருந்தது. சட்டை முறுக்கிக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் பிணைத்திருந்தது. கழுத்து நாடா இறுகியிருந்தது. வாயில் நுரை. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது.

முடிச்சில் கை வைத்தேன். வானத்தைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன். அவிழ்த்தால் குண்டு விழும். அவிழ்க்காவிட்டால் பஞ்சு செத்துப்போகும். இரண்டும் தெரிந்தே நான் அழுதுகொண்டு நின்றேன்.

படகோரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்தாள். "இன்னா பாப்பா இது, நாய்க்குப் போயி சொக்கா மாட்டி வச்சிக்கீற! அது மூச்சு முட்டிக்கினு கீது பாரு."

"வேணாம், கழட்டாதீங்க! வெள்ளையா தெரிஞ்சா பிளேன்லேருந்து குண்டு போட்டுடுவான்!"

"போடறவன் நாயப் பாத்தா போடுவான்? தள்ளு."

இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். பஞ்சு பல்லைக் காட்டி உறுமியது. அவள் ஒரு கையால் அதன் தலையை அமுக்கி, கழுத்து நாடாவை அறுத்தாள். பிறகு வயிற்று நாடா. குடைத்துணி கிழிந்து விழுந்தது.

பஞ்சு சற்று நேரம் அப்படியே கிடந்தது. எழுந்தது. மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. மணலில் முதுகைத் தேய்த்துப் புரண்டது. பிறகு ஓடத் தொடங்கியது பாருங்கள், வட்டம் வட்டமாக, அலை வரைக்கும் போய்த் திரும்பி, நிலா வெளிச்சத்தில் அத்தனை வெள்ளையாக! அதற்குமுன் அது அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் காதைப் பொத்திக்கொண்டு மணலில் குப்புற விழுந்தேன். காதுக்குள் இரைச்சல் கேட்டது. அலையா, விமானமா என்று தெரியவில்லை. இதோ, இதோ என்று காத்துக்கிடந்தேன். முதுகில் ஒரு கை வந்து படிந்தது. மீன் வாசனை அடித்த கை. அது நான் நடுங்கி முடிக்கும்வரை அங்கேயே இருந்தது.

அபாயம் நீங்கியதென்று சங்கு ஒரே நீளமாக ஊதியபோது, அப்பாவும் மாமாவும் ஓடிவந்தார்கள். அப்பா தலையில் இரும்புத் தொப்பி இல்லை. மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் நெஞ்சு என் நெஞ்சைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா அந்தப் பெண்பிள்ளையிடம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வார்டன் ஞாபகம் வந்துவிட்டது போலும். "சங்கு ஊதினா இப்படி வெட்டவெளியில உக்காரக்கூடாதும்மா. குழிக்குள்ள போயிடணும்," என்றார்.

"எந்தக் குழிக்குப் போவச் சொல்ற வாத்தியாரே?"

அப்பா மைதானத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு வழி தெரியவில்லை என்று நினைத்து, நான் மாமாவின் தோளிலிருந்து கையை நீட்டிக் காட்டினேன். "பள்ளிக்கூட மைதானத்துல இருக்கு. படியெல்லாம் வெட்டியிருக்காங்க," என்றேன்.

அவள் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டொருவரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். வழியெல்லாம் அவர் தலை குனிந்தே வந்தார். குழியைவிட்டு ஓடிவந்ததற்காக என்மேல் கோபம் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.