கடற்புல்லும் கலாநிதிப் படிப்பும்

பிஎச்டி என்கிற கலாநிதிப் படிப்பென்றால் வெள்ளைக் கோட்டும் நுணுக்குக்காட்டியும்தான் என்று நம்பிச் சேர்ந்து, பாடம், பரீட்சை, குழு என்று அலைக்கழிந்துகொண்டிருக்கும் என் இனசனமே, உங்களுக்குத்தான் இது. திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். நாற்பதை நெருங்கும்போது, எங்கள் துறைமுகத்துக் கடற்புல்லை ஆராய வேண்டுமென்று கம்பஸில் சேர்ந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார்கள், கடல் கடைசியில்தானாம்.

கழுத்து நோ

முதல் வருடம் முழுக்கப் பாடம். புள்ளிவிபரவியல் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ரிஸ்னா. மூதூர்ப் பிள்ளை, என்னிடம் உயர்தரம் படித்தவள். முதல் சோதனையில் அவள் கடகடவென்று எழுதிக்கொண்டு போக, நான் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து உளைந்தது. சும்மா ஒருக்கா அவள் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். விடைத்தாளைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

“டீச்சர், எட்டிப் பாக்கிறவங்கள வெளிய அனுப்புவன் எண்டு நீங்கதானே சொல்லுவீங்க?”

குளிர் அறை

அந்தப் பாடத்தைச் சொந்த மூளையாலேயே பாஸ் பண்ணினேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அடுத்தது ஆய்வுகூடச் சுற்று. மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்துவிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரபணு ஆய்வுகூடத்துப் பேராசிரியர் என்னை அங்கேயே இருக்கச் சொன்னார். ஏசி அறை, கால் நனையாத வேலை. “கடல் உங்கட வயசுக்குச் சரிவராது மிஸ்” என்று அக்கறையும் காட்டினார். அந்த அக்கறைதான் என்னைக் கடலுக்குத் தள்ளியது. அன்று பின்னேரமே கடற்புல் ஆய்வுகூடத்தில் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து சொன்னேன். சல்லி மீனவக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் மாமி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா.

“புல்லுப் பாக்கவோ பிள்ளை இவ்வளவு படிப்பு? எங்கட மாட்டை அனுப்பியிருக்கலாமே.”

அதே கேள்வி

தகுதிப் பரீட்சைக்கு இரண்டு தரம்தான் தோற்றலாம். இரண்டிலும் தவறினால் வீடு. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் தொடக்கத்திலேயே மறித்தார். “துறைமுகத்துக்குள்ள கப்பலும் எண்ணெயும்தான். புல்லு இருக்குமெண்டு எப்பிடிச் சொல்லுறீங்க? வேற இடம் பாருங்க.”

“இருக்கு சேர். சின்ன வயசிலயிருந்து பாக்கிறனான்” என்றேன். என் சின்ன வயசு ஆதாரமாகாது என்று என்னைப் பெயிலாக்கினார்கள். பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் அழுதேன். ஆய்வை வடக்கே இறக்கக்கண்டிக் களப்புக்கு மாற்றிவிடலாமே என்று என் மேற்பார்வையாளர்கூடச் சொன்னா. ஏலாது என்றேன். மறுவாரமே கிண்ணியாவிலிருந்து சலீம் நானாவின் படகைப் பிடித்து, கடற்படை அனுமதித்த இடமெல்லாம் முக்குளித்தேன்.

இரண்டாம் தரமும் அதே மனிதர், அதே கேள்வி. நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் விட்டேன். கடைசிப் படத்தில் ஒரு நங்கூரச் சங்கிலி, அதைச் சுற்றிப் பச்சைப்பசேல் என்று புல். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாஸ், மிஸ். வேற இடம் பாக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

பையில் என்ன?

ஒருநாள் கடற்படைக் காவல் படகொன்று எங்களை மறித்தது. தமிழ் கொஞ்சம் தெரிந்த இளைஞர் ஒருவர் என் ஈரப் பையைக் காட்டி, என்ன இருக்கிறது என்று கேட்டார். புல்லு என்றேன். எதற்கு என்றார். எண்ணுவதற்கு என்றேன். பையைக் கொட்டி ஒவ்வொரு இலையாகப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். அனுமதிக் கடிதத்தை நீட்டி, ஆராய்ச்சி விளக்கத்தை நான் முதலிலிருந்து தொடங்க, சலீம் நானா குறுக்கே புகுந்தார்.

“விடுங்க தம்பி, மெடம் பிஎச்டி செய்றாங்க. அதவிடப் பெரிய தண்டன உங்களாலயும் குடுக்க ஏலாது.”

கதவு அந்தப் பக்கம்

பட்டத்துக்கு ஒரு கட்டுரையாவது சர்வதேச சஞ்சிகையில் வர வேண்டும். என்னுடையது இரண்டு இடங்களிலிருந்து திரும்பி வந்தது. வருடாந்தக் குழுக் கூட்டத்தில் தலைவர் தேத்தண்ணீர் தந்து உபசரித்தபோதே விளங்கிவிட்டது. “ஒரு படி கீழ எண்டாலும் முதுதத்துவமாணியும் நல்ல பட்டம்தானே மிஸ்? அதை எடுத்துக்கொண்டு மரியாதையா முடிச்சிடலாம்” என்றார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்: “நான் அதுக்கு வரேல்ல சேர். மூண்டாம் இடத்துக்கும் அனுப்புவன், நாலாம் இடத்துக்கும் அனுப்புவன்.” தலைவர் உதவி கேட்பதுபோல என் மேற்பார்வையாளரைப் பார்த்தார். கூட்டங்களில் வாயே திறக்காத மனுசி அவ.

“அவ போகமாட்டா சேர். நான் ஏற்கனவே சொல்லிப் பாத்திட்டன்.”

கட்டுரை நாலாம் இடத்தில் வெளிவந்தது, பட்டமும் வந்து சேர்ந்தது. ஆகவே சக பாவிகளே, இந்தப் படிப்புக்கு என்னென்ன தகுதி வேண்டுமென்று யாராவது கேட்டால், ‘போ’ என்ற சொல் மட்டும் காதில் விழாத ஒரு வியாதி இருந்தால் போதும் என்று சொல்லுங்கள்.