காலித் தட்டை நம்பினேன்

அறந்தாங்கியில் எங்கள் வீட்டில் மூன்று நாய்கள். மூத்தவள் ராணிக்குச் சர்க்கரை நோய். அவளுக்கு மட்டும் கோழியோடு பூசணிக்காய் வேகவைப்பேன். சாப்பாட்டு வேளையில் இன்சுலின் ஊசி.

அன்று மூன்றுக்கும் தட்டு வைத்து, ராணிக்கு ஊசியும் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தால், உடம்பு வெடவெடக்க, கண் செருகிக் கிடந்தாள். பதறிப்போய்க் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சாப்புட்டுச்சா?"

"தட்டு காலியாத்தான் இருக்குங்க சார்."

"அது தின்னத நீங்க பாத்தீங்களா?"

பக்கத்தில் நின்ற இன்னொரு நாய் கருப்பனைப் பார்த்தேன். அவன் மீசையில் பூசணித் துணுக்கு. ராணியின் சாப்பாட்டை அவன் தின்றிருக்கிறான்; வெறும் வயிற்றில் போட்ட ஊசி அவள் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டது.

டாக்டர் சொன்னபடி சர்க்கரையைக் கரைத்து ராணியின் ஈறில் தடவிக்கொண்டே ஆட்டோவில் அவரிடம் கொண்டுபோனேன். பிழைத்தாள்.

இப்போது அவள் தனி அறையில் தின்று முடித்த பிறகுதான் ஊசி. நான் தட்டைப் பார்ப்பதில்லை. அவள் விழுங்கும் தொண்டையைப் பார்க்கிறேன்.