ஐந்து வருஷ லைசன்ஸ்

மருந்து ஏறி முடியும்வரை, நான்கு மணி நேரம் நாற்காலியை விட்டு நகர முடியாது. எனக்கும் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் நுரையீரலில் புற்றுநோய். ஜெலுத்தோங்கில் லாரி ஓட்டியவர், எலும்பும் தோலுமாக இருப்பார். கண்ணை மூடிக்கொண்டே வலது காலால் தரையில் பிரேக் போடுவார்.

ஒருநாள், தபால் நிலையத்தில் புதுப்பித்த தன் லைசன்ஸைக் காட்டினார். இங்கே எத்தனை வருஷத்துக்கு வேண்டும் என்று நாமே சொல்லிப் பணம் கட்டலாம்.

“அஞ்சு வருஷத்துக்கா, அண்ணே?”

“ஒரு வருஷம் போட்டா மறுபடியும் போய் லைன்ல நிக்கணும்லா, தங்கச்சி. யாரால முடியும்?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குத்தான் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

போன வாரம் என் லைசன்ஸும் முடிந்தது. தபால் நிலையத்தில் எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். இடுப்பில் இரண்டு வயது மகள். மூன்று என்றேன். அதிகமாகக் கேட்டுவிட்டேனோ என்று வீடு வரும்வரை யோசித்தேன்.