தார் பூசிய பலகை

வளைகுடா நாட்டில், முவைலாவில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் போக, சாலைக்கு மேலே கூரை போட்ட நடைபாலத்தைக் கடக்க வேண்டும். இன்று அதன் தரையில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சு வாடை. நின்றுவிட்டேன்.

வால்பாறைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில், ஆற்றின் குறுக்கே தகரக் கூரை போட்ட மரப்பாலம் இருந்தது. பலகை மழையில் மக்காமல் இருக்கத்தான் கூரை. இருந்தும் மக்கும். மக்கியதை மாற்றாமல் தாரைப் பூசி மறைத்துவிடுகிறார்கள் என்பது அப்பாவின் சந்தேகம். முப்பத்தெட்டுப் பலகைகளையும் குடை நுனியால் தட்டிக்கொண்டே நடப்பார்; நான் கூடவே எண்ணுவேன்.

தங்கைக்குக் கடும் காய்ச்சல் கண்ட காலையில், பாலத்தின் நடுவே இரண்டு பலகைகளில் புதுத் தார் பளபளத்தது. மருந்தகம் அக்கரையில்.

"அதுல கால வைக்காத செல்லம். உள்ள உளுத்திருக்கும்," என்றார் அப்பா, அம்மாவிடம்.

"புள்ள நெருப்பா கொதிக்குது. நீங்க நின்னு தட்டிக்கிட்டே இருங்க," என்று அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு தாரின் மேலேயே நடந்து போனாள். பலகை அசையவில்லை. அப்பா அவசரத்தில் தாரைத் தாண்டி, தட்டிப் பார்க்காமல் பழைய பலகையில் கால் வைத்தார். அது முறிந்து, முழங்கால் வரை கால் உள்ளே போய்விட்டது.

ஊசி போட்டுத் தங்கை தூங்கியபின், அதே மருந்தகத்தில் காலில் கட்டோடு அப்பா சொன்னார்: "நல்ல பலகைக்குத் தாரப் பூசி, என்னைய ஏமாத்திட்டானுங்க."

"மாமா, யல்லா, சீக்கிரம் வாங்க! டாக்டர் கிளம்பிடுவார்," என்று, எனக்கு முன்னே பாதி நடைபாலம் போய்விட்ட மருமகள் கூப்பிட்டாள்.

புதுப் பூச்சையும் நம்பாமல், பழைய தரையையும் நம்பாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தேன். அது லேசாக ஆடியது.