சிங்களத்தில் ஒரு வாய் புட்டு

தம்பி என் கையால் சாப்பிடுவதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில், அக்காவும் தம்பியுமாக நாங்கள் இரண்டு பேர்தான். நான் வைக்கும் சாப்பாட்டுக் கோப்பையை முகர்ந்து பார்த்து, "நஞ்சு" என்று தள்ளிவிடுவான். எலும்பும் தோலுமான பிறகு அரசாங்க மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அங்கே ஒரு சிங்களத் தாதி, என்னைவிட இளையவள். பொரளையில் பஸ் மாறி நான் கொண்டுபோகும் புட்டையும் மீன்குழம்பையும் அவள் ஊட்டினால் சாப்பிடுவான். சமைத்தது நான், நல்ல பெயர் அவளுக்கு. போதாததற்குக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று வேறு கேட்டாள். வேண்டுமென்றே தப்பான அளவைச் சொன்னேன். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

டாக்டர் தமிழர். "நீங்க குடுத்தா மருந்துக் குளிசை போடுவாரா? அது தெரியாம வீட்ட அனுப்பேலாது" என்றார்.

"நான் வளத்த பிள்ளை. அவவின்ர கையால சாப்பிடுறவன், என்ர கையால ஏன் சாப்பிடுறானில்லை?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அவருக்கு ஒரு குரல் கேக்குது. சாப்பிடாத, நஞ்சு கிடக்கு எண்டு சொல்லுது. அது உங்கட குரல்."

அந்தக் குரல் தமிழ் மட்டும்தான் பேசுமாம். நீங்களும் சிங்களத்தில் சொல்லிப் பாருங்கள் என்று யோசனை சொன்னவள் அந்தத் தாதியேதான். இவளிடமா நான் பாடம் கேட்கவேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

என் சிங்களம் மீன்காரனிடம் பேரம் பேசும் சிங்களம். அடுத்த நாள் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வாய் புட்டை நீட்டி, "கன்ன, மல்லி" என்றேன். சாப்பிடு தம்பி. அவன் என் உதடுகளையே பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். புட்டு முழுவதும் முடிந்தது, குளிசையும் போட்டான். தாதியைத் தேடி வெற்றியோடு நிமிர்ந்தேன். அவள் அடுத்த கட்டிலில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பதுபோல, மரியாதையான சிங்களத்தில், உங்கள் வீடு எங்கே என்று தம்பி கேட்டான். வெள்ளவத்தை என்றேன்.

எங்கள் வீடும் அங்கேதான் என்றான், அதே சிங்களத்தில். அக்கா தனியாக இருக்கிறா, நேரம் கிடைத்தால் ஒருதரம் போய்ப் பாருங்கள் என்றான்.